பொய்க் காகிதம் போடாத ஆபீஸ்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணாவுக்கு,

வாலு எழுதுகிறேன். நாலைந்து மாதமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது தாள் தாளாக எழுதுகிறாளே, ஏதோ காரியம் ஆகவேண்டும் போலிருக்கிறது என்று நினைப்பாய். ஆமாம், காரியம்தான். வீட்டு விலாசத்துக்கு எழுதாமல் ஆபீஸுக்கு எழுதுவதற்கும் காரணம் உண்டு. வீட்டில் அண்ணி பிரித்துப் படிப்பாள், அழுவாள், அழுதுகொண்டே நாலு பேரிடம் சொல்வாள். ஆபீஸுக்குள் வந்த விஷயம் வெளியே போகாது என்று அப்பா காலத்திலிருந்து ஊரே சொல்கிறது.

அரையாண்டு விடுமுறைக்கு என்று சொல்லி அவர் சிட்டுவைக் கூட்டிக்கொண்டு போனார். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகிறது, இன்னும் அனுப்பவில்லை. போன் செய்தால், "இனிமே அவ இங்கதான் படிப்பா, நீ உன் ரத்த பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழு" என்கிறார். குழந்தையிடம் பேசக் கொடுக்கவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை, அண்ணா. இரவு என் புடவைத் தலைப்பைக் கையில் பிடித்துக்கொண்டால்தான் அவளுக்குத் தூக்கம் வரும். அவள் எனக்கு வேண்டும். வேறு எதுவும் அவரிடமிருந்து வேண்டாம்.

கேஸை நீதான் நடத்த வேண்டும். எதிராளி நம் பெரிய ஆபீஸுக்குப் போய்விட்டான் என்று தெரிந்ததுமே, வந்த வழியே திரும்பி சமாதானம் பேச ஆள் தேடியவர்களைச் சின்ன வயசில் நம் வாசலில் பார்த்திருக்கிறேன். நீ எனக்காக நிற்கிறாய் என்று கேள்விப்பட்டாலே அவர் பாதி இறங்கிவிடுவார்.

வக்கீலிடமும் டாக்டரிடமும் மறைக்கக் கூடாது என்று அப்பா சொல்வார். அதனால் நான் ஏன் அவரை விட்டு வந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில் சிட்டுவுக்கு நல்ல காய்ச்சல். அன்று எனக்கு விடுமுறை. மத்தியானம் ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்தார்கள். பிரசவ வார்டில் ஒரு பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை, ரத்தம் பொருத்திப் பார்க்க லேபில் ஆள் இல்லை. நான் அவர் கடைக்குப் போன் செய்தேன். "கிளம்பிட்டேன், பத்து நிமிஷம். நீ பூட்டிட்டுப் போ, என்கிட்ட இன்னொரு சாவி இருக்கு" என்றார். அவர் கடையிலிருந்து கிளம்பியது உண்மைதான். நேரே கிளப்புக்குப் போய்ச் சீட்டாட உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்கு ராத்திரிதான் வந்தார். இந்தத் தாளும் தீர்ந்துவிட்டது, மூன்றாவது எடுக்கிறேன்.

குழந்தையைக் காய்ச்சலோடு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போனேன். ஆறு மணிக்குத் திரும்பி வந்தபோது கதவுக்குப் பின்னாலேயே மயங்கிக் கிடந்தாள். தட்டித் தட்டிக் கை சிவந்திருந்தது. இதற்கு எந்தச் சமாதானமும் கிடையாது. நானெல்லாம் ஒரு தாயா என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதவை நினைத்தால் சோறு இறங்கவில்லை. உன்னிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்.

உன் தங்கை

ஜனவரி 15

தங்கைக்கு,

உன் கடிதம் பன்னிரண்டாம் தேதி காலைத் தபாலில் வந்தது. மாப்பிள்ளை ஐந்தாம் தேதியே ஆபீஸுக்கு வந்து வக்காலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆகவே குழந்தை விஷயத்தில் நான் அவருடைய வக்கீல்.

ஒரு வழக்கில் யார் முதலில் வருகிறார்களோ அவர்கள்தான் நமக்குக் கட்சிக்காரர். அடுத்து வருபவர் கூடப் பிறந்தவரானாலும் சரி, குடம் குடமாகக் கண்ணீர் விட்டாலும் சரி. இந்த வழக்கத்தை வைத்துத்தான் ஆறு மாவட்டத்து ஜனங்கள் நம்மைத் தேடி வருகிறார்கள். பெரிய ஊர்களில் நூறு வக்கீல்கள் உட்கார்ந்திருக்கும் ஆபீஸ்கள் இருக்கின்றன. காலையில் ஒருவனுக்கு யோசனை சொல்லிவிட்டு மாலையில் அவன் எதிராளிக்குச் சொல்வார்கள். நம்மிடம் பதினோரு பேர்தான். ஆனால் நம் வாசலில் நின்று யாரும் மண்ணை வாரித் தூற்றியதில்லை.

நீ வேறு வக்கீல் வைத்துக்கொள். நல்ல ஆளாகப் பார்த்து வை. உன் கடிதம் வழக்குக் கட்டில் சேர்க்கப்பட்டுவிட்டது.

சாப்பாட்டை விடாதே. உனக்கு உடம்பு தாங்காது.

அண்ணன்

ஜனவரி 21

அண்ணாவுக்கு,

எந்தக் கட்டில் சேர்த்தாய்? அவருடைய கட்டிலா? நான் உனக்கு எழுதினேன். உன் மாப்பிள்ளைக்கு எழுதவில்லை. பாலுக்குப் பூனையைக் காவல் வைத்த கதையாகிவிட்டது. கடிதத்தை உடனே திருப்பி அனுப்பு.

அவர் உன்னிடம் ஓடி வந்தது எதற்கு என்றுகூடவா உனக்குப் புரியவில்லை? வக்கீல் பஞ்சத்துக்கு வரவில்லை. நான் உன்னிடம் வந்துவிடக் கூடாது என்பதற்காக வந்தார். கடைக்காரப் புத்தி. எதிர்க் கடை வாங்குவதற்கு முன்னால் சரக்கை மொத்தமாக வளைத்துப் போடுகிற ஆள் அவர். நீதான் அந்தச் சரக்கு.

நல்ல வக்கீலாகப் பார் என்கிறாயே, பார்த்தேன். முதலாமவர் உன் பெயரைச் சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார், பிறகு கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார். இரண்டாவது ஒரு அம்மா. "பெரிய ஆபீஸ் எதிர்ல நின்னா நமக்கு அடுத்த கேஸ் வராதும்மா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கடைசியில் ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். கறுப்புக் கோட்டில் பொத்தான் ஒன்று குறைகிறது. அவரும்கூட உன்னை "ஐயா" என்றுதான் சொல்கிறார்.

நீ இந்தக் கேஸிலிருந்து விலகிக்கொள். எனக்காக நிற்க வேண்டாம். எதிரே நிற்காதே, அது போதும். சிட்டு பிறந்தபோது மூன்று நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் நீ. அவளை என்னிடமிருந்து பிடுங்க உன் கைதானா கிடைத்தது?

வாலு

பிப்ரவரி 3

தங்கைக்கு,

விலக முடியாது. கையெழுத்து வாங்கிய பிறகு நாம் ஒரு கேஸிலிருந்தும் விலகியதில்லை. கடிதத்தையும் திருப்பித் தர முடியாது. வீட்டு விலாசத்துக்கு எழுதியிருந்தால் அது என் தங்கையின் கடிதம். ஆபீஸ் விலாசத்துக்கு எழுதினாய், பெரிய குமாஸ்தா பிரித்தார், முத்திரை போட்டார், கட்டில் சேர்த்தார். அது இப்போது கட்சிக்காரருடைய வழக்குக் காகிதம்.

அப்பா சித்தப்பாவுக்கு எதிராக நின்றதை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. அப்போது நான் ஆபீஸில் சேர்ந்து இரண்டு மாதம். சித்தப்பா சாட்சிக் கூண்டில் நின்று "அண்ணே, அண்ணே" என்று கூப்பிட்டார். "சாட்சி கேள்விக்குப் பதில் சொல்லட்டும்" என்றார் அப்பா. அதன் பிறகு சித்தப்பா சாகிற வரைக்கும் நம் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் அந்த வருஷம்தான் ஆபீஸுக்கு மாடி எடுத்தோம். சொந்தத் தம்பிக்கே வளையாதவர் என்று அப்பாவுக்குப் பெயர் வந்தது. நீ படித்ததும் நான் தொழிலில் நின்றதும் அந்தப் பெயரில்தான்.

நம்முடைய பலம் என்ன என்று புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குச் சொல்வேன். நாம் பொய்க் காகிதம் போட மாட்டோம், வாய்தா கேட்க மாட்டோம், குறுக்கு விசாரணையில் மூன்று கேள்விக்கு மேல் கேட்க மாட்டோம். இத்தனை வருஷத்தில் இந்த ஆபீஸ் முத்திரையோடு ஒரு பொய் வெளியே போனதில்லை. அதை உனக்காகவும் மாற்ற மாட்டேன், மாப்பிள்ளைக்காகவும் மாற்ற மாட்டேன். அந்த விஷயத்தில் நீ பயப்பட வேண்டாம்.

என் யோசனை கேட்டால், விட்டுக்கொடுத்துவிடு. மாதம் ஒரு நாள் பார்த்துக்கொள்ள நானே கட்சிக்காரரிடம் பேசி வாங்கித் தருகிறேன். கோர்ட்டுக்கு வந்தால் அதுவும் சிரமம்.

அண்ணன்

மார்ச் 19

அண்ணாவுக்கு,

நேற்று நீ என்னைப் பார்க்காமலே கேள்வி கேட்டாய். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாய். நான் உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்து, விழுந்தபோது என்னைவிட அதிகமாக அழுதவன் நீ.

உன் மூன்று கேள்விகளும் மனப்பாடமாகிவிட்டன. ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய்களுக்குச் சீட்டு ஒட்டும்போதும் அவைதான் காதில் கேட்கின்றன. ஒரு தாளை நீட்டி, "இது உங்க கையெழுத்தா?" என்றாய். என்னை "உங்க" என்று நீ சொன்னது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை. ஆமாம் என்றேன். "பூட்டிவிட்டுப் போனேன் என்று எழுதியது நீங்களா?" என்றாய். ஆமாம் என்றேன், ஆனால் அவர்தான் பூட்டச் சொன்னார் என்று ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, "இந்தத் தாளில் உங்கள் கணவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கிறதா?" என்று கேட்டாய்.

இல்லை. அந்தத் தாளில் இல்லை. அது மூன்றாவது தாள்.

என் வக்கீல் எழுந்து, முழுக் கடிதத்தையும் காட்டச் சொல்ல வேண்டும் என்று மெல்ல இழுத்தார். நீதிபதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அந்த ஆபீஸ் போட்ட காகிதத்துல இதுவரைக்கும் ஒரு எழுத்து குறைஞ்சது கிடையாது, உட்காருங்க" என்றார். என் வக்கீல் உட்கார்ந்துவிட்டார். வெளியே வந்ததும், "உங்க ஞாபகம் தப்பா இருக்கலாம் இல்லீங்களாம்மா?" என்று என்னையே கேட்கிறார். என் பணத்தை வாங்கிக்கொண்டு எனக்காக நின்ற ஆளே உன்னைத்தான் நம்புகிறார். வேறு யாரைப் போய் நான் கோபித்துக்கொள்வது?

பிறகு சிட்டுவை உள்ளே கூப்பிட்டுப் பேசினார்கள். என்ன சொன்னாள் என்று என்னிடம் யாரும் சொல்ல வேண்டியதில்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்குக் கதவு பூட்டியிருந்தது மட்டும்தான் தெரியும். போனில் அவள் அப்பா என்ன சொன்னார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

அண்ணா, இன்னும் தீர்ப்பு சொல்லவில்லை. அவர் போனில் சொன்னதை எழுதிய இரண்டாவது தாள் உன்னிடம் இருக்கிறது. நீ கிழித்திருக்க மாட்டாய், உனக்கு அது கைவராது. அதை எடுத்துக்கொண்டு போய் அந்த மேசையில் வை. நீ ஒரு வார்த்தை பேச வேண்டாம். வைத்துவிட்டு வந்துவிடு. நான் காலில் விழுகிறேன் என்று எழுதினால் உனக்குச் சந்தோஷமாக இருக்குமென்றால் அப்படியே எழுதியதாக வைத்துக்கொள்.

வாலு

ஏப்ரல் 9

தீர்ப்பு நகல் உன் வக்கீலுக்குக் கிடைத்திருக்கும். குழந்தை தகப்பனாரிடம் இருக்கும். மாதத்தில் முதல் ஞாயிறு, பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை, நீ பார்க்கலாம். பொதுவான இடமாக இருக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னதால் நம் ஆபீஸ் முன்னறையைக் கொடுத்திருக்கிறேன்.

இத்துடன் இரண்டு தாள்கள் இருக்கின்றன. வழக்கு முடிந்ததும் கோர்ட்டில் போடாத காகிதங்களை எழுதியவருக்கே அனுப்பிவிடுவது அப்பா வைத்த வழக்கம். ஒரு துண்டுச் சீட்டைக்கூட நாம் கிழித்ததில்லை. இதை எடுத்துக்கொண்டு மேல் கோர்ட்டுக்கு ஓடலாம் என்று நினைக்காதே. ஆபீஸ் முத்திரை முதல் பக்கத்தில் போடுவதில்லை, கடைசிப் பக்கத்தில்தான் போடுவோம். நீ பக்க எண் போட மாட்டாய். அப்பா எத்தனை தடவை சொல்லியிருப்பார்! நேற்று உட்கார்ந்து எழுதிக்கொண்டு வந்தாய் என்று எதிர்த் தரப்பு சொன்னால் இல்லையென்று காட்ட உன்னிடம் ஒன்றும் கிடையாது. இந்தக் கடிதத்தையும் தலைப்பு இல்லாத தாளில் டைப் அடித்திருக்கிறேன், கையெழுத்துப் போடவில்லை. யார் வேண்டுமானாலும் அடித்திருக்கலாம்.

நான் பொய் சொன்னேனா என்று யோசித்துப் பார். கோர்ட்டில் போட்ட தாள் உன் கையெழுத்து. அதிலிருந்த வார்த்தை உன் வார்த்தை. மூன்று கேள்விக்கும் நீ சொன்ன பதில் உண்மை. எதிராளிக்குச் சாதகமான காகிதத்தைத் தேடிப் பிடித்து நீட்டுவது கட்சிக்காரனுக்குச் செய்கிற துரோகம். அதைச் செய்யாததால்தான் இந்தப் பெயர்.

ஊரில் பேச்சு எப்படி இருக்கிறது என்று உனக்குத் தெரிய வேண்டும். தீர்ப்பு வந்த வாரம் ஒன்பது புதுக் கட்சிக்காரர்கள். ஒருவர் மூன்று பஸ் மாறி வந்தார். "கூடப் பிறந்த தங்கச்சியையே விடலையாமே, அப்போ என் எதிராளியை விடுவீங்களா" என்று சொல்லிவிட்டு, பெஞ்சில் உட்காருவதற்கு முன்னாலேயே கையெழுத்துப் போட்டார். அண்ணி மட்டும் என்னோடு பேசுவதில்லை. சாப்பாட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள். போகட்டும்.

சிட்டு நன்றாக இருக்கிறாள். மாப்பிள்ளை கடை அடைக்க எட்டு மணியாகிறது. அதனால் பள்ளிக்கூடம் விட்டதும் ஆபீஸுக்கு வந்துவிடுகிறாள். என் மேசைக்குப் பக்கத்தில் அவளுக்கு ஒரு சின்ன மேசை போட்டிருக்கிறேன். வீட்டுப்பாடம் அங்கேதான். எதையும் என்னைக் கேட்டுத்தான் நம்புகிறாள். கணக்கு டீச்சர் தப்பாகச் சொல்லிக்கொடுத்ததைக்கூட என்னிடம் வந்து சரிபார்த்துக்கொண்டாள். தூக்கம் மட்டும் இன்னும் சரியில்லை என்று மாப்பிள்ளை சொன்னார். அது சரியாகிவிடும்.

முதல் ஞாயிறு வா. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

மே 5

அண்ணாவுக்கு,

இது எட்டு தாள் வரும் என்று நினைத்து உட்கார்ந்தேன். இரண்டோடு முடிந்துவிடும் போலிருக்கிறது. இரண்டுக்கும் எண் போட்டிருக்கிறேன்.

இன்று காலையில் நடந்ததை உனக்கு நான் எழுத வேண்டியதே இல்லை. நீ ஆபீஸ் முன்னறைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ உன் வழக்கப்படி இதையும் ஏதாவது கட்டில் சேர்த்துக்கொள்.

சிட்டு வளர்ந்திருக்கிறாள். முன்பல் ஒன்று கோணலாக முளைத்திருக்கிறது. கட்சிக்காரர்கள் உட்காரும் பெஞ்சில் எனக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள். தொடவில்லை. எப்படி இருக்கிறாய், பள்ளிக்கூடம் எப்படி என்று நான் கேட்டதற்கெல்லாம் மரியாதையாகப் பதில் சொன்னாள். அரை மணி கழித்து அவளே கேட்டாள். "என்னை ஏம்மா பூட்டிட்டுப் போனே? நான் எவ்வளவு நேரம் தட்டினேன் தெரியுமா?" என்றாள். அழவில்லை. ரொம்ப நாளாகக் கேட்க வைத்திருந்த கேள்வி, அவ்வளவு தெளிவாகக் கேட்டாள்.

நான் எத்தனையோ யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் போய்விட்டது. கைப்பையிலிருந்து நீ திருப்பி அனுப்பிய அந்த இரண்டாவது தாளை எடுத்துக் கொடுத்தேன். அவள் அப்பா சொன்னதை நம்பித்தான் பூட்டினேன், இதை ஜனவரியிலேயே மாமாவுக்கு எழுதினேன், இத்தனை நாளும் இது மாமாவிடம்தான் இருந்தது என்று சொன்னேன். அவள் விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். "பத்து நிமிஷம்" என்கிற இடத்தில் திரும்பப் போய் இன்னொரு தடவை படித்தாள். அண்ணா, அவள் முகம் மாறியது. நான் பார்த்தேன். ஒரு முழம் அரை முழமாகக் குறைந்தது. கையை என் புடவைமேல் வைத்தாள். அந்த நிமிஷத்தில் அவள் எனக்குக் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

அப்புறம்தான் அவள் எழுந்து உன்னிடம் வந்தாள். கணக்கைச் சரிபார்த்துக்கொள்ள வருவாளே, அப்படி. தாளை நீட்டி, "மாமா, இது உங்ககிட்ட இருந்துதா?" என்று கேட்டாள். பெரிய குமாஸ்தா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். புதிதாக வந்த கட்சிக்காரர் ஒருவர் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே உன்னைப் பார்த்தார்.

நீ ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். கேஸ் முடிந்துவிட்டது. அவர் உன் கட்சிக்காரரும் இல்லை இப்போது. தீர்ப்பு மாறப் போவதில்லை, ஒரு பைசா யாருக்கும் போகப் போவதில்லை. கேட்டது நீதிபதி இல்லை, ஒன்பது வயசுப் பிள்ளை. ஆனால் வாசலில் ஒரு ஆள் நின்றார். ஆபீஸில் ஒரு தாளை மறைத்தார்கள் என்று அவர் போய் ஊரில் சொல்லிவிடுவார் இல்லையா? நீ அவள் தலையைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியாதும்மா" என்றாய்.

கோர்ட்டில் நீ பொய் சொல்லவில்லை என்று எழுதியிருந்தாய். ஒத்துக்கொள்கிறேன். இத்தனை வருஷத்தில் அந்த ஆபீஸிலிருந்து பொய்யே வெளியே போனதில்லை என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்குத்தான் முதல் பொய் போனது. சேர்த்து வைத்த பெயர் மொத்தத்தையும் எடுத்து நீ அந்தப் பிள்ளையிடம் செலவு செய்தாய்.

அவள் திரும்பி வந்தாள். பெஞ்சில் உட்காரவில்லை. நின்றபடியே தாளை நாலாக மடித்து என் கையில் வைத்தாள். என்னைத் திட்டவில்லை, அண்ணா. என்னைப் பார்த்துப் பாவப்பட்டாள். "பரவாயில்லம்மா. இனிமே இப்படி எழுதிக்கிட்டு வராதே" என்றாள்.